பழைய வீடு, புதுக் கடன், அடுத்த வீடு: அமெரிக்க வாடகை வீட்டுக் கணக்கு

அமெரிக்காவில் வாடகை வீடுகள் வாங்கிச் சேர்ப்பவர்கள் கூடும் இடங்களில் 'பர்ர்ர்' என்று ஒரு பெயர் அடிபட்டுக்கொண்டே இருக்கும். ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து வைத்த பெயர் அது. வாங்கு, பழுது பார், வாடகைக்கு விடு, வீட்டின் மேல் புதுக் கடன் எடு, அந்தப் பணத்தில் அடுத்த வீட்டை வாங்கு. அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லித் தருபவர்கள் பலருக்கு ஐந்தாவது படியில்தான் உற்சாகம், பத்து வீடு இருபது வீடு என்று போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் நான்காவது படியில் என்ன நடக்கிறது என்று புரிந்தால் போதும், மற்ற நாலும் அதிலிருந்து விளங்கிவிடும்.

முதலில் வழக்கமான வழியைப் பார்ப்போம். வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்கினால் வங்கி பொதுவாக விலையில் 20 முதல் 25 சதவீதம் கைப்பணம் கேட்கும். 1,80,000 டாலர் வீட்டுக்கு 36,000 முதல் 45,000 டாலர் வரை. அந்தப் பணம் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும், திரும்ப வெளியே வர வீட்டை விற்க வேண்டும், இல்லை பல வருடம் காத்திருக்க வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அடுத்த வீட்டுக்கு இன்னொரு 40,000 சேர்ப்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

பர்ர்ர் வழியில் நல்ல நிலையில் உள்ள வீட்டை வாங்குவதில்லை. சமையலறை பெயர்ந்து, கூரை ஒழுகி, சாதாரண வங்கிக் கடனே கிடைக்காத அளவுக்குச் சீரழிந்த வீட்டை, அதனாலேயே மலிவாக, ரொக்கத்திலோ அதிக வட்டிக் குறுகிய காலக் கடனிலோ வாங்குகிறார்கள். பழுது பார்த்து, ஆள் குடிவைத்து, பிறகு ஒரு வங்கியிடம் போய் 'இப்போது இதன் மதிப்பு என்ன, அதில் எத்தனை சதவீதம் தருவீர்கள்' என்று கேட்கிறார்கள். வாங்கின விலையில் சதவீதம் இல்லை, இன்றைய மதிப்பில் சதவீதம். அந்தப் பணத்தில் பழைய கடனை அடைத்தால் தன் கைக்காசும் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். அவசரத்துக்கு அடகுக்கடையில் கூடுதல் வட்டிக்கு வைத்த நகையை மீட்டு, வங்கியில் குறைந்த வட்டிக்குக் கொஞ்சம் அதிகத் தொகைக்கு மாற்றி வைப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். என்ன, இங்கே நடுவில் நகையை உருக்கிப் புதிதாகச் செய்து மதிப்பை ஏற்றிவிடுகிறார்கள்.

சரி, ஒரு கணக்கு போடலாம். ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து, ஓல்டு புரூக்லின் மாதிரியான பகுதியில் 1920களில் கட்டிய மூன்று படுக்கையறை மரவீடு. எண்கள் நான் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டவை, ஆனால் நடைமுறைக்கு ரொம்பத் தள்ளி இல்லை.

வாங்கும் விலை 85,000 டாலர். பழுது வேலைக்கு 40,000. எல்லாம் முடிந்த பிறகு வீட்டின் மதிப்பு 1,80,000 இருக்கும் என்று எதிர்பார்ப்பு. இந்தக் கடைசி எண்ணுக்கு அவர்கள் பேச்சில் 'ஏஆர்வி' என்று பெயர், பழுதுக்குப் பிந்தைய மதிப்பு. ஏஆர்வியில் 70 சதவீதம் எடு, அதில் பழுதுச் செலவைக் கழி, மிச்சம் வருவதற்கு மேல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதே என்று ஒரு பெயர்பெற்ற விதி உண்டு. 1,80,000 இல் 70 சதவீதம் 1,26,000, கழித்தால் 86,000. நம் வீடு 85,000. விதியில் பாஸ். இந்த பாஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலை இருக்கிறது.

வாங்கும்போது எடுக்கும் கடனை 'ஹார்டு மணி' என்பார்கள். தனியார் கடன்காரர்கள், உங்கள் சம்பளத்தைவிட வீட்டைத்தான் அதிகம் பார்ப்பார்கள், ஒன்றிரண்டு வாரத்தில் பணம் தந்துவிடுவார்கள். விலை அதற்கேற்ப இருக்கும்: ஆண்டு வட்டி பத்து பன்னிரண்டு சதவீதம், அது போகக் கடன் தொகையில் இரண்டு சதவீதம் போல முன்கட்டணம், ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடத்துக்குள் மொத்தமும் திருப்பிக் கட்ட வேண்டும். பழுதுப் பணத்தையும் அவர்களே தருவார்கள்தான், ஆனால் மொத்தமாக இல்லை. வேலை ஒரு கட்டம் முடிந்து, அவர்கள் ஆள் வந்து பார்த்த பிறகே அந்தக் கட்டத்துக்கான பணம் வரும். அதாவது முதல் கட்டத்துக்கு கான்ட்ராக்டருக்கு நீங்கள்தான் கையிலிருந்து கொடுக்க வேண்டும். புதிதாக இறங்குபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான், வேலை பாதியில் நிற்கும், வட்டி நிற்காது.

நம் கணக்கில் 1,10,000 டாலர் 11 சதவீதத்தில் ஆறு மாதம் என்றால் வட்டி சுமார் 6,050, முன்கட்டணம் 2,200. பத்திரப்பதிவு வகையறா 2,500. அந்த ஆறு மாதத்துக்குச் சொத்துவரி, காப்பீடு, மின்சாரம் எல்லாம் சேர்ந்து 2,700. கடைசியில் புதுக் கடன் எடுக்கும் செலவு 4,000. கூட்டினால் 17,450. ஆக 85,000 + 40,000 இல்லை, இந்த வீடு உங்களுக்கு 1,42,450 டாலர். விளம்பர வீடியோக்களில் காணாமல் போவது இந்தப் பதினேழாயிரம்தான்.

பழுது வேலையில் எங்கே காசு போகும்?

கண்ணுக்குத் தெரியும் வேலை மலிவு, தெரியாத வேலைதான் ஆளைச் சாய்க்கும். நூறு வருட வீட்டில் வீட்டிலிருந்து தெருச் சாக்கடைக்குப் போகும் குழாய் சுட்ட மண்ணால் ஆனதாக இருக்கும், முன்பக்கத்து மரத்தின் வேர் அதன் இணைப்புக்குள் நுழைந்து நார்நாராக வளர்ந்திருக்கும், மேலே குளியலறை பளபளவென்று இருந்தாலும் கீழே நிலவறையில் தண்ணீர் பின்வாங்கி ஏறும். வாங்குவதற்கு முன்பே குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க சில நூறு டாலர்தான் ஆகும், தோண்டி மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும். அதே மாதிரி பீங்கான் குமிழ்களில் சுற்றி ஓடும் பழைய மின்கம்பிகள். அது இருந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் கையெழுத்தே போடாது, காப்பீடு இல்லாவிட்டால் கடனும் இல்லை. காலியாகக் கிடக்கும் வீட்டுக்குச் சாதாரண வீட்டுக் காப்பீடு செல்லுபடியாகாமல் போகலாம் என்பதால், வேலை நடக்கும் மாதங்களுக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1978க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கலாம் என்பதால் மத்திய அரசின் விதிகள் உண்டு. பழைய பெயிண்டைச் சுரண்டிக் கலைக்கும் கான்ட்ராக்டர் அதற்கான சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். கிளீவ்லாந்து நகரம் 2019இல் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தக் காலத்து வாடகை வீடுகளுக்கு ஈய அபாயம் இல்லை என்ற சான்று கட்டாயம் என்று சட்டம் போட்டது. ஊருக்கு ஊர் இப்படி ஏதாவது இருக்கும், வாங்குமுன் நகராட்சியின் வாடகை விதிகளைப் படித்துவிடுவது நல்லது.

அப்புறம், எந்த வேலை மதிப்பைக் கூட்டும், எது கூட்டாது என்பது. வங்கி அனுப்பும் அப்ரைசர், அதாவது வீட்டு மதிப்பீட்டாளர், உங்கள் ரசனைக்கு மதிப்பெண் போடுவதில்லை. அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற, இதே அளவு, இதே எண்ணிக்கைப் படுக்கையறை குளியலறை உள்ள குறைந்தது மூன்று வீடுகளை எடுத்து ஒப்பிட்டு, கூட்டிக் கழித்து ஓர் எண் எழுதுவார். அதனால் ஒரே குளியலறை உள்ள வீட்டில் இரண்டாவது ஒன்று சேர்த்தால் அது ஒப்பீட்டில் தெரியும். நிலவறையை அழகாகத் தரை போட்டு, சுவர் அடைத்து அறையாக்கினால் குடியிருப்பவருக்குச் சந்தோஷம், ஆனால் வீட்டின் பிரதானப் பரப்பளவுக் கணக்கில் அது சேராது, ஏனென்றால் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் பரப்பைத் தனியாகத்தான் எழுதுவார்கள். தெருவிலேயே விலை உயர்ந்த வீடு 1,70,000க்குத்தான் போயிருக்கிறது என்றால் நீங்கள் கிரானைட் மேடை போட்டாலும் 1,80,000 கிடைப்பது சந்தேகம்தான்.

ஆகவே ஏஆர்வி என்பது நீங்கள் முடிவு செய்யும் எண் இல்லை, ஆறு மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் எழுதப்போகும் எண். அவர் 1,80,000க்குப் பதில் 1,60,000 என்று எழுதினால் என்ன ஆகும்? வங்கி மதிப்பில் 75 சதவீதம் தருவதாக வைத்துக்கொண்டால், புதுக் கடன் 1,35,000 இலிருந்து 1,20,000 ஆகிவிடும். முதல் நிலையில் உங்கள் கைக்காசு 7,450 மட்டும் வீட்டுக்குள் தங்கும், இரண்டாவதில் 22,450. ஒரு கையெழுத்தில் பதினைந்தாயிரம். இதற்கு ஈடு கொடுக்க முடியாதவர் வாங்கவே கூடாது என்பது என் கட்சி.

நான்காவது படி

அமெரிக்க வீட்டுக் கடன்களில் பெரும்பங்கு ஃபேனி மே, ஃபிரெடி மேக் என்ற இரண்டு நிறுவனங்களின் விதிகளை ஒட்டித்தான் நடக்கிறது. 1938இலும் 1970இலும் தொடங்கியவை, நேரடியாக மக்களுக்குக் கடன் தருவதில்லை, வங்கிகள் தந்த கடன்களை வாங்கிக்கொள்கின்றன. 30 வருடத்துக்கு மாறாத வட்டி என்ற வசதி அங்கே இவ்வளவு சாதாரணமாக இருப்பதற்கு அவையும் ஒரு காரணம். கையில் பணம் எடுக்கும் மறுகடனுக்கு, ஒற்றை வாடகை வீடானால் மதிப்பில் 75 சதவீதம் வரை, இரண்டு முதல் நான்கு குடித்தனம் உள்ள கட்டடமானால் 70 வரை என்பது ஃபேனி மேயின் வரம்பு. 2023 ஏப்ரலிலிருந்து இன்னொரு நிபந்தனையும் வந்தது: அடைக்கப்போகும் பழைய கடன் எடுத்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஹார்டு மணியில் வாங்கியவருக்கு இது இடி. ஆறு மாதத்தில் முடிக்கலாம் என்று போட்ட வட்டிக் கணக்கு இரண்டு மடங்காகிவிடும். முழு ரொக்கத்தில் வாங்கியிருந்தால் உடனே கடன் எடுக்க ஒரு விதிவிலக்கு உண்டு, ஆனால் வீடு வாங்கப் போட்ட பணம், வாங்கிய செலவு அளவுக்குத்தான், பழுதுக்குப் போட்ட காசு அதில் வராது. அதோடு ஒருவர் பெயரில் பத்துக் கடன் வீடுகளுக்கு மேல் போனால் முதலீட்டு வீட்டுக்கு அங்கே கதவு சாத்தியாகிவிடும்.

அதனால் நிறையப் பேர் போகும் இன்னொரு கதவு 'டிஎஸ்சிஆர்' கடன். உங்கள் சம்பளச் சீட்டு வேண்டாம், வீட்டின் வாடகை அதன் கடன் தவணை, சொத்துவரி, காப்பீடு மூன்றையும் தாங்குகிறதா என்பதே கேள்வி. வாடகையை இந்த மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒன்றுக்கு மேல் வர வேண்டும், சிலர் 1.2 அல்லது 1.25 கேட்பார்கள். காத்திருக்கும் காலம் பெரும்பாலும் குறைவு, வட்டி சற்றுக் கூடுதல். முதல் சில வருடங்களில் கடனை முடித்தால் அபராதம் உண்டு, முதல் வருடம் 5 சதவீதம், அடுத்தது 4, இப்படி இறங்கும் வகை ரொம்பச் சகஜம். பின்னால் வட்டி குறைந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

இப்போது மாதக் கணக்குக்கு வருவோம். 1,35,000 டாலர், 7 சதவீதம், 30 வருடம்: தவணை 898. சொத்துவரி 330, காப்பீடு 110. மொத்தம் 1,338. வாடகை 1,550. வகுத்தால் 1.16. ஒன்றைத் தாண்டினால் போதும் என்று சொல்லும் கடன்காரரிடம் பாஸ்.

ஆனால் அந்தக் கணக்கில் இல்லாதவை இருக்கின்றன. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேலாண்மை நிறுவனத்துக்கு வாடகையில் 10 சதவீதம், 155 டாலர். ஆள் இல்லாமல் காலியாகக் கிடக்கும் நாட்களுக்கு 5 சதவீதம், 78. கீசரும் கூரையும் ஒருநாள் போகும், அதற்கு ஒதுக்க இன்னொரு 155. சேர்த்தால் 388. ஆக மாதச் செலவு 1,726, வரவு 1,550. மாதாமாதம் 176 டாலர் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். 70 சதவீத விதியும் பாஸ் போட்டது, கடன்காரரும் பாஸ் போட்டார், வீடு நட்டத்தில் ஓடுகிறது!

இதே வீட்டை, இதே வாடகையில், 3.75 சதவீத வட்டியில் வைத்துப் பாருங்கள். தவணை 625தான், மாதம் 97 டாலர் மிஞ்சும். இது கற்பனை வட்டி இல்லை. ஃபிரெடி மேக்கின் வாராந்தரக் கணக்கில் 30 வருடக் கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதத்துக்கு இறங்கியது, 2023 அக்டோபரில் 7.79க்கு ஏறியது. அது சொந்தக் குடியிருப்புக்கான விகிதம், வாடகை வீட்டுக்கு எப்போதும் கொஞ்சம் கூடத்தான். அந்த மலிவுக் காலத்தில் இந்த வழியில் வீடு சேர்த்தவர்கள் சொல்லும் வெற்றிக் கதைகளில் பொய் இல்லை, ஆனால் அதில் பாதிப் பெருமை வட்டிக்குப் போக வேண்டும்.

அப்படியானால் 7 சதவீதத்தில் இதைச் செய்யவே முடியாதா? முடியும், ஆனால் எல்லாப் பணத்தையும் உருவி எடுக்கும் ஆசையை விட வேண்டும். 1,35,000க்குப் பதில் 1,05,000 மட்டும் கடன் எடுத்தால் தவணை 699, மாதம் இருபது டாலர் சொச்சம் மிஞ்சும், வீடு தன் காலில் நிற்கும். உங்கள் காசு 37,450 உள்ளே தங்கும். வழக்கமாக 20 சதவீதம் கைப்பணம் போட்டு வாங்குபவர் போடும் 36,000க்கு இது கிட்டத்தட்டச் சமம்தானே என்று கேட்கலாம். சமம்தான், ஆனால் அவருக்கு அந்த வீட்டில் சொந்தப் பங்கு 36,000, உங்களுக்கு 75,000. ஆறு மாத அலைச்சலுக்குக் கிடைத்த கூலி அந்த வித்தியாசம். மாத வருமானத்தில் அது தெரியாது, விற்கும்போதோ பின்னால் வட்டி இறங்கும்போதோதான் தெரியும். இன்னொரு வழி, முதலிலேயே இன்னும் மலிவாக வாங்குவது. மாதக் கணக்கிலிருந்து பின்னோக்கிப் போய் எவ்வளவு கடனை இந்த வாடகை தாங்கும் என்று பார்த்து, அதிலிருந்து வாங்கும் விலையை முடிவு செய்தால், பார்க்கும் வீடுகளில் முக்கால்வாசி அடிபட்டுப் போகும்.

'வந்த பணத்துக்கு வருமானவரியே இல்லை' என்று ஒரு கவர்ச்சியும் இதில் உண்டு. உண்மைதான், கடன் வருமானம் இல்லையே, எப்படி வரி வரும்? திருப்பிக் கட்ட வேண்டிய காசு அது. வாடகை வருமானத்துக்கு எதிராகக் கட்டடத்தின் மதிப்பை, நிலம் நீங்கலாக, 27.5 வருடத்துக்குப் பிரித்துத் தேய்மானம் காட்டலாம் என்பதுதான் நிஜமான சலுகை, விற்கும்போது அப்படிக் காட்டிய தேய்மானத்துக்கு வரி கட்ட வேண்டி வரும். வீட்டு விலை இறங்கினால் என்ன என்பதற்கு 2006 முதல் 2012 வரையிலான காலம் இருக்கிறது. நாடு முழுவதற்குமான சராசரியே கால் பங்குக்கு மேல் விழுந்தது. 75 சதவீதம் கடன் வைத்திருந்தவர் விற்றாலும் கடன் அடையாத நிலை. ஒரு வீடு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம், ஒன்றின் கடனில் இன்னொன்று என்று எட்டு வீடு கோத்து வைத்திருந்தால் எட்டும் சேர்ந்து ஆடும். கம்பெனி பெயரில் கடன் எடுத்தாலும் பெரும்பாலும் சொந்த உத்தரவாதக் கையெழுத்து கேட்பார்கள்.

சென்னையிலோ கோவையிலோ இதைச் செய்யலாமா என்றால், பெரும்பாலும் கணக்கு ஒத்து வராது. நம் நகரங்களில் ஒரு வருட வாடகை வீட்டு விலையில் மூன்று சதவீதத்தைச் சுற்றித்தான் வரும், கடன் வட்டி எட்டு சதவீதத்துக்கு மேலே கீழே நிற்கும். நம் கிளீவ்லாந்து வீட்டில் அது பத்து சதவீதத்துக்கு மேல், அதுவே 7 சதவீத வட்டியில் திணறுகிறது. பழைய வீட்டை இடித்துக் கட்டி மதிப்பைக் கூட்டலாம், அதன் மேல் சொத்து அடமானக் கடனும் வாங்கலாம், ஆனால் அந்தத் தவணையை வாடகை கட்டாது. அமெரிக்காவில் எச்1பி விசாவில் இருப்பவர்கள் வாடகை வருமானம் வாங்குவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை என்றாலும், வார இறுதியில் தானே நின்று பெயிண்ட் அடிப்பது, வாடகைக்காரர் வேலைகளைத் தானே கவனிப்பது எல்லாம் அனுமதியில்லாத வேலையாகப் பார்க்கப்படும் அபாயம் உண்டு. குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கவும்.

கைப்பணம் குறைவாக வைத்துத் தொடங்குபவருக்கு, ஹார்டு மணிக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எஃப்எச்ஏ 203கே என்ற கடன், எஃப்எச்ஏ என்பது வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு தரும் மத்திய அரசு அமைப்பு. வாங்கும் பணமும் பழுதுப் பணமும் ஒரே கடனில், கடன் மதிப்பெண் 580க்கு மேல் இருந்தால் 3.5 சதவீதக் கைப்பணம் போதும், நான்கு குடித்தனம் வரையுள்ள கட்டடத்துக்கும் கிடைக்கும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட 60 நாளுக்குள் அதில் ஒரு பகுதியில் நீங்களே குடிவந்து ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காகித வேலை நிறைய, கான்ட்ராக்டர்களுக்கு இது பிடிக்காது, அடமானக் காப்பீட்டுக் கட்டணம் தனி. ஆனால் பழுது வேலை எவ்வளவு இழுக்கும், மேலாண்மை நிறுவனம் இல்லாமல் வாடகை வசூலிப்பது எப்படி இருக்கும் என்றெல்லாம் பக்கத்துக் கதவிலேயே இருந்து பார்த்துவிடலாம், அதுவும் 11 சதவீத வட்டி ஓடாமல்.